ராத்திரிப் பசிக்குக் காலையில் வைத்தியம்: ஒரு நிகழ்வு ஆய்வு

இரவு ஒன்பதரைக்குச் சமையலறை விளக்கைக்கூடப் போடாமல் பிஸ்கட் டப்பாவைத் திறப்பவர்களைப் பார்த்து "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்றுதான் சுற்றியிருப்பவர்கள் சொல்வார்கள். அவர்களும் தங்களைப் பற்றி அதையேதான் சொல்லிக்கொள்வார்கள். உணவுப் பதிவேட்டை நேரவாரியாக எழுதச் சொல்லிப் பார்த்தால் வேறொன்று தெரியும். இரவு ஒன்பதரைக்கு நடப்பது பெரும்பாலும் அன்று காலை எட்டு மணிக்கே முடிவாகிவிட்ட விஷயம்.

கீழே உள்ளது எந்தத் தனி மனிதரின் வரலாறும் அல்ல. எங்கள் உணவு ஆலோசனையில் ஒரே அச்சில் வரும் பல நிகழ்வுகளைக் கோத்து எழுதிய மாதிரி. பெயர் வேண்டியதில்லை, "இவர்" என்றே எழுதுகிறோம்.

வந்தபோது

வயது 34. ஆய்வுக்கூடத்தில் வேலை, காலை 8.30 முதல் மாலை 5.30 வரை. உயரம் 160 செ.மீ., எடை 68 கிலோ, உடல் நிறை குறியெண் (பிஎம்ஐ) 26.6. பதினோரு ஆண்டுகளில் ஏழு டயட்: மாவுச்சத்தைக் குறைத்தது, சாறு மட்டும் குடித்தது, 16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தது, இப்போது ஆப் வைத்து ஒரு நாளைக்கு 1,200 கலோரி. ஒவ்வொன்றிலும் நான்கு முதல் எட்டு கிலோ இறங்கியது, பிறகு ஏறியது. ரத்தச் சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாம் சரி. மாதவிடாய் ஒழுங்கு.

கேட்டு வந்தது இது: "நல்ல டயட் சார்ட் ஒண்ணு குடுங்க. பகல்ல நான் கரெக்டாதான் இருக்கேன். ராத்திரி மட்டும்தான் பிரச்சனை."

முதலில் உணவுக் கோளாறு நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1999இல் வெளியான ஸ்காஃப் என்ற ஐந்து கேள்விப் பட்டியல் இதற்கு எளிய வழி. இரண்டு கேள்விக்கு "ஆம்" வந்தாலே முழு மதிப்பீடு தேவை. இவருக்கு இரண்டு வந்தன: எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதில் கட்டுப்பாடு போய்விட்டதாகக் கவலை, உணவு வாழ்க்கையையே ஆள்கிறது என்ற உணர்வு. முழு மதிப்பீட்டில் வாந்தி எடுப்பது, பேதி மருந்து, அளவுக்கு மீறிய உடற்பயிற்சி எதுவும் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 வகைப்பாடு, அளவுமீறி உண்ணும் நோய் என்று சொல்ல இரண்டு அம்சங்களைச் சேர்த்துக் கேட்கிறது: கட்டுப்பாடு இழந்த உணர்வு, யார் பார்த்தாலும் மிக அதிகம் என்று சொல்லக்கூடிய அளவு. அதுவும் வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதம் தொடர்ந்து. இவருக்குக் கட்டுப்பாடு நழுவியது வாரத்தில் நான்கு இரவு. அளவு நிஜமாகவே பெரிதாக இருந்தது மாதத்துக்கு இரண்டு முறை. ஆகவே நோய் என்ற கோட்டுக்கு இந்தப் பக்கம்தான், ஆனால் கோட்டை ஒட்டி. இந்த இடத்தில் நிற்பவர்களுக்குத்தான் புது டயட் சார்ட் அதிகக் கெடுதல் செய்யும்.

சார்ட் தரவில்லை. பதிலாக இரண்டு வாரத்துக்கு எழுத ஒரு தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை

தாளில் ஐந்து பத்திகள்: மணி, என்ன சாப்பிட்டது, எங்கே, அதற்கு முன் பசி எவ்வளவு, அப்போது மனதில் ஓடியது என்ன. கலோரிக்கு இடமே இல்லை. பசிக்கு 0 முதல் 10 வரை எண்: 0 என்றால் கை நடுங்கும் பசி, 5 என்றால் பசியும் இல்லை நிறைவும் இல்லை, 10 என்றால் வயிறு நிறைந்து மூச்சு முட்டுகிற அளவு. சாப்பிட்ட உடனே எழுத வேண்டும். படுக்கப்போகும் முன் மொத்தமாக எழுதினால் மனது ஒழுங்குபடுத்திவிடும். இரண்டு பிஸ்கட்டுக்கும் முழுப் பாக்கெட்டுக்கும் நடுவில் ஓடிய அந்த ஒரு வாக்கியம் தாளில் வராது. நமக்கு வேண்டியதே அந்த வாக்கியம்தான்.

ஒரு நாளின் தாள்:

காலை 7.00. கறுப்புக் காபி, சர்க்கரை இல்லை. பசி 6. "நேத்து ராத்திரிக்கு ஈடு."
11.15. ஒரு ஆப்பிள். வேலை மேசை. பசி 3.
1.30. காய்கறி சாலட், ஒரு அவித்த முட்டை. பசி 2. "நல்லா போகுது."
4.30. அலுவலகத்தில் பிறந்தநாள் கேக். வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. "'டயட்டா அக்கா?'ன்னு கேட்டாங்க. பெருமையா இருந்தது."
6.45. வீடு. பசி 1. "எட்டு மணி வரைக்கும் தாங்கிக்கலாம்."
7.10. இரண்டு பிஸ்கட், நின்றபடி. "போச்சு."
7.10 முதல் 7.35. பாக்கெட்டில் மிச்சம் இருந்த அத்தனையும், ஜாம் தடவிய ரொட்டி நான்கு துண்டு, பாத்திரத்தில் இருந்த சோறு. நின்றபடி.
8.30. வீட்டாரோடு இரவுச் சாப்பாடு. பசி 9. "சாப்பிடலேன்னா ஏன்னு கேப்பாங்க."
9.40. பிள்ளைகளின் சாக்லேட். இருட்டில். "நாளையிலிருந்து."

மாலை 6.45 வரை உள்ளே போனது 300 கலோரிகூட இருக்காது. இவருடைய வயது, உயரம், எடைக்கு நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் உடலுக்குச் சுமார் 1,350 வேண்டும். "பகலில் கரெக்டாக இருக்கிறேன்" என்று இவர் சொன்ன பகல்தான் இது.

ஏன் இப்படி ஆகிறது

இரண்டு எந்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஓடுகின்றன. முதலாவது உடல். 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் 36 ஆரோக்கியமான ஆண்களுக்கு 24 வாரம் அரை வயிற்று உணவு கொடுத்துப் பார்த்தார். எடையில் கால் பங்கு போனது. அதைவிட முக்கியம், உணவைப் பற்றி அதற்குமுன் தனியாக யோசித்தே இராதவர்கள் சமையல் குறிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கினார்கள், நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், கட்டுப்பாடு தளர்ந்த பிறகு வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் சிலர் தின்றார்கள். உணவே நினைப்பாக இருப்பது குணக்கேடு அல்ல, பசியின் அறிகுறி. இதைக் கேட்டதும் அழுதுவிடுகிறவர்கள் உண்டு.

இரண்டாவது, அந்தத் தாளில் 7.10க்கு எழுதியிருக்கும் ஒற்றைச் சொல். போச்சு. 1975இல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மாக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, ருசி பார்க்க என்று சொல்லி ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். உணவில் கட்டுப்பாடாக இருப்பவர்கள் மில்க் ஷேக் குடித்த பிறகு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். விதி உடைந்த பிறகு அவர்களைத் தடுக்க உள்ளே எதுவும் மிச்சமில்லை. அடுத்த ஆண்டே ஜேனட் பாலிவி செய்த சோதனையில், உண்மையில் எத்தனை கலோரி என்பதைவிட, கலோரி அதிகம் என்று நம்புவதே இந்த வேலையைச் செய்தது.

இரவு 9.40க்கு "நாளையிலிருந்து" என்று எழுதும்போது மூன்றாவதாக ஒன்றும் சேர்கிறது. நாளை முதல் கிடைக்காது என்றால் இன்றே தின்று தீர்ப்பதுதான் புத்திசாலித்தனம். காலையில் கறுப்புக் காபி. வட்டம் மறுபடி முதலிலிருந்து.

இந்த வட்டத்தை எங்கே வெட்டுவது? எல்லோரும் இரவில் வெட்டப் பார்க்கிறார்கள்: பிஸ்கட் வாங்காதே, எட்டு மணிக்கு மேல் சமையலறைக்குப் போகாதே, தண்ணீர் குடி. அங்கே வெட்ட முடியாது. பசி 1இல் இருக்கும் மனிதரிடம் எந்த உபாயமும் நிற்காது. வெட்ட வேண்டிய இடம் காலை ஏழு மணிக் காபி.

முதல் கட்டம்: கடிகாரம்

ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உணவுக் கோளாறு நோய்களுக்கு உருவாக்கிய சிகிச்சை முறையில் முதல் அடி இதுதான்: மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு அல்லது மூன்று சிற்றுண்டி, இரண்டு உணவுக்கு இடையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. என்ன சாப்பிடுவது என்பது இப்போதைக்குப் பிரச்சினை இல்லை. எப்போது என்பது மட்டும்தான்.

இவருக்குப் போட்ட நேரம்: 7.30, 10.45, 1.30, 4.45, 8.00. பசித்தாலும் பசிக்காவிட்டாலும் அந்த நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். இந்த நேரங்களுக்கு வெளியே சாப்பிடக் கூடாது என்று தடை போடவில்லை. அடுத்த உணவு இத்தனை மணிக்கு வருகிறது என்று நினைவுபடுத்திக்கொண்டால் போதும். மூன்று வேளைச் சாப்பாட்டிலும் நான்கு பொருள் இருக்க வேண்டும்: கைமுட்டி அளவு ஒன்றோ இரண்டோ மாவுச்சத்து, உள்ளங்கை அளவு புரதம், ஒரு தேக்கரண்டியாவது கொழுப்பு, காய் அல்லது பழம். ரொட்டி இரண்டு துண்டு, முட்டை இரண்டு, வெண்ணெய், ஒரு பழம் என்றால் காலை முடிந்தது.

கலோரி ஆப் அழிக்கப்பட்டது. எடை வாரம் ஒரு நாள், அதே கிழமை, காலையில், கழிப்பறை போய் வந்த பிறகு. அறவே நிறுத்தினால் பயம் இருட்டில் வளரும். தினமும் பார்த்தால் தண்ணீரின் ஏற்ற இறக்கத்தைக் கொழுப்பு என்று நினைத்துப் பதறுவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று. ராத்திரி என்ன நடந்திருந்தாலும், முழு டப்பாவே காலியாகியிருந்தாலும், மறுநாள் 7.30க்குக் காலை உணவு உண்டு. ஈடுகட்டுதல் கிடையாது. மற்ற எல்லாவற்றையும் இவர் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார். இதற்கு மட்டும் மூன்று வாரம் ஆனது.

"காலையில பசிக்கவே இல்லையே" என்பது அனேகமாக எல்லோரும் சொல்வது. உண்மைதான். இரவு பத்து மணி வரை சாப்பிட்ட வயிறு ஏழு மணிக்கு எப்படிப் பசிக்கும்? பாதி அளவாவது சாப்பிட வேண்டும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன், 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தது, நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்கு முன்பாக ஏறப் பழகிக்கொள்ளும். இவருக்குப் பத்தாம் நாள் காலை 7.15க்கு வயிறு தானாகக் கேட்டது. தாளில் பெரிய எழுத்தில் "பசி!!" என்று இருந்தது.

இரண்டாம் வாரம் எடை 1.2 கிலோ கூடியது. நிறைய பேர் விட்டுவிட்டுப் போகிற இடம் இது. முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் கண்டிப்பாகப் போய்விடுவார்கள். உடல் தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பை வைத்திருக்கிறது, சுமார் 400 முதல் 500 கிராம். ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். பட்டினியில் அது காலியாகும்போது "இரண்டே நாளில் இரண்டு கிலோ" என்று டயட் பெயர் வாங்கும். ஒழுங்காகச் சாப்பிட்டதும் அதே தண்ணீர் திரும்பி வரும்.

மூன்றாம் வாரத்தில் ஒரு புதிர். தாளில் ஐந்து நேரமும் சரியாக இருக்கிறது, ஒன்றுகூடத் தவறவில்லை. ஆனாலும் இரவுகள் மாறவில்லை. பத்தி பத்தியாகப் பார்த்தபோது விடை 4.45இல் இருந்தது: திங்கள் வெள்ளரிக்காய், செவ்வாய் வெள்ளரிக்காய், புதன் கிரீன் டீ. நேரம் சரி, அளவு டயட். கடிகாரத்துக்குக் கீழ்ப்படிந்துகொண்டே உடலைப் பட்டினி போட முடியும். ஏழு டயட் பார்த்தவருக்கு அது கைவந்த கலை. மாலைச் சிற்றுண்டியை மாற்றினோம்: பீனட் பட்டர் தடவிய ரொட்டி இரண்டு துண்டு, ஒரு வாழைப்பழம், அல்லது ஒரு கிண்ணம் தயிரும் ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் கொட்டைப் பருப்பும். புரதமும் கொழுப்பும் இல்லாத சிற்றுண்டி நெடுநேரம் தாங்காது. மேசை இழுப்பறையில் கெடாத ஒரு பொட்டலம் எப்போதும் இருக்க வேண்டும் என்பதும் சேர்ந்தது, கூட்டம் நீண்டுவிட்டால் கைகொடுக்க.

ஐந்தாம் வார முடிவில் கட்டுப்பாடு நழுவிய இரவுகள் நான்கிலிருந்து ஒன்றுக்கு இறங்கின. பிஸ்கட் டப்பா அதே அலமாரியில்தான் இருந்தது.

நடுவில் ஒரு விபத்து

மூன்றாம் வாரத்திலேயே இவர் எங்கோ "எந்த உணவும் தடை இல்லை, உடல் சொல்வதைக் கேள்" என்று படித்துவிட்டு, மாலை ஏழு மணிக்கு, பசி 1இல், ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தார். முழுவதும் போயிற்று. "எனக்கெல்லாம் இது ஒத்து வராது" என்ற முடிவோடு வந்தார்.

படித்த வாசகம் தவறு இல்லை. இடம் தவறு. பதினோரு வருடம் அடக்கிவைத்த உடல் என்ன சொல்லும்? "எல்லாம் கொடு" என்றுதான் சொல்லும். உடலைக் கேள் என்ற அறிவுரை முதல் நாளே கொடுக்கப்படுவதுதான் இந்தத் துறையில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் பிழை. பசி, நிறைவு என்ற இரண்டு சைகையும் சீராக வரத் தொடங்கச் சில வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டாக வேண்டும். அதுவரை கடிகாரம்தான் ஊன்றுகோல்.

இரண்டாம் கட்டம்: தடைப்பட்டியல்

ஆறாம் வாரத்திலிருந்து. "வீட்டில் வைத்துக்கொள்ளவே பயம்" என்று இவர் எழுதிய பட்டியலில் 14 பொருள். அவற்றைப் பயத்தின் அளவுப்படி மூன்று படியாகப் பிரித்து, அடிப்படியிலிருந்து ஏறினோம். முதலில் வெள்ளை ரொட்டி, பிறகு பிஸ்கட், கடைசியில் ஐஸ்கிரீம்.

செய்முறை இப்படி. ஒரு நேரத்தில் ஒரே பொருள். போதுமான அளவு வாங்க வேண்டும். ஒன்றே ஒன்று வாங்கினால் பற்றாக்குறை உணர்வு அப்படியே இருக்கும். பசி 4 அல்லது 5இல் இருக்கும்போது, அதாவது சிற்றுண்டி நேரத்திலோ சாப்பாட்டை ஒட்டியோ. உட்கார்ந்து, தட்டில் வைத்து, போன் இல்லாமல். எவ்வளவு என்பது அவர் இஷ்டம். பிறகு ஈடுகட்டுதல் இல்லை, அடுத்த உணவு அதன் நேரத்துக்கு. அலுத்துப்போகும் வரை அதே பொருள் வாரம் மூன்று நான்கு முறை.

அலுப்பு என்பது இங்கே மருந்து. 2011இல் லெனர்ட் எப்ஸ்டீன் குழு பெண்களுக்கு ஒரே உணவை, பாலாடைக்கட்டி மக்ரோனியை, சிலருக்குத் தினமும் சிலருக்கு வாரம் ஒரு முறையும் கொடுத்தது. தினமும் கண்டவர்கள் வரவரக் குறைவாகச் சாப்பிட்டார்கள். மறுபக்கம், 2005இல் பாலிவி குழு ஒரு வாரம் சாக்லேட்டைத் தடுத்துப் பார்த்தபோது, உணவில் கட்டுப்பாடாக இருப்பவர்கள் பிறகு சாக்லேட்டை அதிகமாகச் சாப்பிட்டார்கள். தடை ஆசையைக் கூட்டும், புழக்கம் குறைக்கும்.

பிஸ்கட் வாரங்களின் தாள்: முதல் நாள் ஏழு. இரண்டாம் முறை எட்டு, "பயமா இருக்கு". நான்காம் முறை ஆறு. ஆறாம் முறையில் ஒரு குறிப்பு: "முதல் ரெண்டுதான் ருசி. மூணாவதுல பாதிக்கு மேல வெறும் இனிப்பு. அப்புறம் பல்லுல ஒட்டுற மாவு." பதினோரு வருடமாகப் பாக்கெட் பாக்கெட்டாகத் தின்ற பொருளின் ருசி இவருக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரே பொருளைத் தின்னத் தின்ன அதன் ருசி மட்டும் மங்குவதை பார்பரா ரோல்ஸ் 1981இலேயே விவரித்திருக்கிறார். அவசரமாக நின்றுகொண்டு தின்றால் அந்த மங்கலைக் கவனிக்க வாய்ப்பே இல்லை.

உடனே ஒரு சறுக்கல். "எனக்கு மூணு போதும்" என்ற கண்டுபிடிப்பு மறுநாள் "மூணுதான்" என்ற சட்டமாக மாறியது. ஒரு மாலை நான்காவதைத் தொட்டார். தாளில் அதே பழைய சொல்: போச்சு. பாக்கெட் காலி. டயட் மூளை எந்த அனுமதியையும் ஒரு வாரத்துக்குள் கோட்டாவாக மாற்றிவிடும். இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். எண்ணுவதையே விட்டுவிட்டு, தட்டில் எடுத்து வைத்து, தீர்ந்ததும் "இன்னும் வேண்டுமா?" என்று கேட்டு, வேண்டுமென்றால் எடுத்துக்கொள்வது என்று மாற்றியதும் சரியானது.

வீட்டாரிடம் மூன்று வேண்டுகோள் வைக்கப்பட்டன: தட்டைப் பற்றிப் பேச வேண்டாம், உடம்பைப் பற்றிப் பேச வேண்டாம், எதையும் ஒளித்து வைக்க வேண்டாம். "இது நீ சாப்பிடலாமா?" என்று கேட்பதைக் கணவர் சுலபமாக நிறுத்திவிட்டார். நிறுத்தக் கஷ்டப்பட்டது பாராட்டை. "இன்னைக்குக் கம்மியா சாப்பிட்டியே, சூப்பர்" என்று அவர் சொன்ன மறுநாள் தாளில் 4.45 காலியாக இருந்தது.

மூன்றாம் கட்டம்: பசியும் நிறைவும்

பதின்மூன்றாம் வாரத்தில்தான் உடலைக் கேட்கத் தொடங்கினோம். பசி 3 அல்லது 4இல் ஆரம்பித்து, 7 வாக்கில் நிறுத்திப் பார்ப்பது. தட்டில் பாதி தீர்ந்ததும் கரண்டியைக் கீழே வைத்து ஒரு நிமிடம். வயிறு விரிவது சீக்கிரம் தெரியும். குடலிலிருந்து வரும் சிசிகே, ஜிஎல்பி-1, பிஒய்ஒய் போன்ற நிறைவு ஹார்மோன்களின் செய்தி முழுதாகச் சேர 15, 20 நிமிடம் பிடிக்கும். பத்து நிமிடத்தில் சாப்பிட்டு முடிப்பவருக்கு நிறைவு, கை கழுவிய பிறகுதான் வந்து சேரும்.

இந்த எண்களும் சட்டமாகும். "பசி 5ல சாப்பிட்டுட்டேன், தப்பு" என்று ஒரு நாள் எழுதியிருந்தார். பசியே இல்லாமல் ஒரு விருந்தில் ஒரு துண்டு சாப்பிடுவது, சில நாள் கூடுதலாகச் சாப்பிட்டு வயிறு கனப்பது, சில நாள் போதாமல் போவது எல்லாம் சாதாரணச் சாப்பாட்டுக்குள் அடங்கியவைதான்.

எஞ்சிய சறுக்கல்கள் மாதத்துக்கு இரண்டு. இரண்டிலும் முந்தைய இரவு தூக்கம் ஐந்து மணி நேரத்துக்குக் கீழ். 2004இல் 12 இளைஞர்களிடம் நடந்த ஆய்வு ஒன்றில் இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டபோது நிறைவைச் சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, கிரெலின் 28 சதவீதம் கூடியது. ஆகவே தூக்கம் கெட்ட மறுநாளுக்கு ஒரு சிற்றுண்டி கூடுதலாக வைத்தோம். மனக்கஷ்டத்தில் சாப்பிடத் தோன்றினால் தடையில்லை. பத்து நிமிடம் தள்ளிப்போட்டு, வேண்டியது சாப்பாடா, பேச ஆளா, படுக்கையா என்று கேட்டுக்கொள்வது. அப்புறமும் வேண்டுமென்றால் விளக்கைப் போட்டு, மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது. உணவில் ஆறுதல் தேடுவது குற்றமல்ல. அது ஒன்றுதான் வழி என்றிருப்பது சிக்கல்.

ஆறாம் மாதம்

கட்டுப்பாடு நழுவிய இரவுகள் கடைசி எட்டு வாரத்தில் ஒன்று. இருட்டில் சாப்பிடுவது இல்லை. பட்டியலின் 14 பொருளில் 12 வீட்டில் சாதாரணமாக இருக்கின்றன.

எடை 67.4 கிலோ. அதாவது ஏறக்குறைய அப்படியே. இவருக்கு இது ஏமாற்றம், அதை மறைத்து எழுதுவது நேர்மை ஆகாது. இந்த வழியில் சிலருக்கு இறங்கும், சிலருக்கு ஏறும், பலருக்கு நின்ற இடத்தில் நிற்கும். மருத்துவக் காரணத்துக்காக எடை குறைக்க வேண்டியவர்கள் உண்டு. அவர்களுக்கும் முதலில் வட்டம் நிற்க வேண்டும், சில மாதம் நிலைக்க வேண்டும், பிறகு மருத்துவரோடு அதைப் பேசலாம் என்பது எங்கள் கருத்து. இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் எடை இலக்கு முதல் வாரமே காலை உணவைத் தின்றுவிடும்.

தடை இல்லை என்றால் சத்தைப் பற்றிக் கவலையே இல்லை என்றும் அர்த்தமில்லை. 2019இல் கெவின் ஹால் குழு 20 பேருக்கு இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் வேண்டிய மட்டும் கொடுத்தபோது, முதல் வகையில் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. எனவே கைக்கெட்டும் இடத்தில் என்ன இருக்கிறது என்பது முக்கியம். ஆனால் திருத்தத்தைக் கழித்தலாகச் செய்யாமல் கூட்டலாகச் செய்ய வேண்டும்: மதியத்தில் ஒரு கை காய் கூடுதலாக, காலையில் ஒரு முட்டை கூடுதலாக. சர்க்கரை நோய், ஒவ்வாமை, பசையம் ஒத்துக்கொள்ளாத குடல் நோய் உள்ளவர்களின் மருத்துவ விதிகள் அப்படியே தொடரும். அவற்றை டயட் சட்டங்களோடு சேர்த்துத் தூக்கிப்போடக் கூடாது.

இந்த நிகழ்வில் செய்ததை வீட்டிலேயே செய்து பார்க்கக் கூடாதவர்களும் இருக்கிறார்கள். குறியெண் 18.5க்குக் கீழே இருப்பவர்கள், வேகமாக எடை இழந்தவர்கள், மயக்கம் அல்லது நெஞ்சுப் படபடப்பு உள்ளவர்கள், மாதவிடாய் நின்றுபோனவர்கள், வாந்தி எடுப்பவர்கள், பேதி மருந்து சாப்பிடுபவர்கள், எடைக்காக இன்சுலினைத் தவிர்ப்பவர்கள் நேராக மருத்துவரிடம் போக வேண்டும். நீண்ட காலம் மிகக் குறைவாகச் சாப்பிட்டவர் திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்களுக்கு உணவைக் கூட்டுவது மருத்துவக் கண்காணிப்பில்தான். பசியை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு மூன்றாம் கட்டத்தின் எண்கள் சரியாக வராது. கடிகாரத்திலேயே தொடர்வது நல்லது.

இவருக்கு மிச்சம் இருப்பவை: ஐஸ்கிரீமும் கேக்கும் இன்னும் மேல்படியில் இருக்கின்றன. மதியச் சாப்பாடு இன்னும் எட்டு நிமிடத்தில் முடிகிறது. தாள் எழுதுவது நிறுத்தப்பட்டது. அடுத்த சந்திப்பு மூன்று மாதம் கழித்து. அதற்குள் காலை உணவோ 4.45 சிற்றுண்டியோ இரண்டு நாள் தொடர்ந்து தவறினால், "நாளையிலிருந்து" என்ற சொல் மனதில் வந்தால், அல்லது ஆப்பை மறுபடி இறக்கத் தோன்றினால், ஒரு வாரத்துக்குத் தாளை எடுத்து ஐந்து நேரத்துக்கும் திரும்ப வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது 4.45.